என் கைக்கு ஒரு மவுஸ்

"பையனுக்கா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணாச்சி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், கம்ப்யூட்டர் சாமான்கள் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை அது. விளையாடுவதற்கு நல்லதாக ஒரு மவுஸ் வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு ஒரு பையன் தெரிந்துவிட்டான். முப்பத்து நான்கு வயதில், கழுத்தில் தாலியும் கையில் வயர்கூடையுமாக ஒருத்தி வந்து விளையாட்டு மவுஸ் கேட்டால் வீட்டில் பையன் இருந்தாக வேண்டும். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் கேட்டுச் சலித்த கேள்வி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற கேள்வியும் அதுதான். ஆகவே, "ஆமா, பையனுக்குத்தான்" என்றேன்.

"எத்தனாங் கிளாஸ்?"

"அஞ்சு."

கல்யாணமாகி ஏழு வருஷம்தான் ஆகிறது என்பது கடைப் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. இல்லாத பையனை அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படிக்க வைத்துவிட்டு, ஒரு வயர்லெஸ் மவுஸைக் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

விளையாடுவது நான். கூட விளையாடுவது என் வீட்டுக்காரர். அவர் குவைத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஸ்டோர் பார்க்கிறார். குருவிகுளம் பக்கம் ஊர், எனக்குத் தூரத்து முறையில் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னால் சடங்கு வீடுகளில் நாலைந்து தடவை பார்த்ததோடு சரி. ஆனாலும் அத்தான் என்று கூப்பிட்டுப் பழகிய வாய், இன்றைக்கும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறது.

எல்லா நாளும் போன் வரும். அதில் குறை சொல்ல முடியாது. "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன். நீங்க?" என்பேன். "ஆச்சு." அப்புறம், "வேற?" என்பார். உலகத்தில் அந்தச் சொல்லைப் போல் நான் வெறுத்த சொல் கிடையாது. முதல் இரண்டு வருஷம் அழவும் சண்டை போடவும் ஏதாவது இருந்தது. பிறகு அதுவும் தீர்ந்தது. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற சென்டர் ஒன்றில் மத்தியானம் வரைக்கும் எனக்கு வேலை. அங்கே வருகிறவர்கள் சொல்வதில் சுவாரசியமானதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொள்வேன், ராத்திரி அவரிடம் சொல்வதற்கு. நாள் முழுக்கச் சேர்த்ததை இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவேன். அவர் "ம்" என்பார். "வேற?" என்பார். எனக்குப் போனைச் சுவரில் எறியலாம் போல இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் இந்த விளையாட்டு வந்தது. அவரோடு அறையில் தங்கியிருக்கிறவர் யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார். பாட்டு ஓடும். தாளத்துக்குத் தகுந்தாற்போலத் திரையில் அங்கங்கே வட்டங்கள் முளைக்கும். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். வளையம் வட்டத்தைத் தொடுகிற நேரம் பார்த்து, அம்புக்குறியை அங்கே கொண்டுபோய்ச் சொடுக்க வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. இரண்டு பேர் ஜோடியாக ஆடலாம். அவரவர் வீட்டில் அவரவர் திரை, ஆனால் உயிர்க்கோடு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். யார் தவறவிட்டாலும் அது குறையும். தீர்ந்துபோனால் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. எனக்குச் சாயங்காலம் நாலு மணி, அவருக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம். ஆடும்போது பேசவேண்டிய கட்டாயம் இல்லை. அதுதான் எனக்கு அதில் முதலில் பிடித்தது. பாட்டுக்கு நடுவில் "இந்தா வருது, இந்தா வருது" என்று அவர் முணுமுணுப்பது காதுக்குள் கேட்கும். நான் ஒன்றை விட்டுவிட்டால் "ச்சே" என்பார். கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் முணுமுணுக்கிற மாதிரியே இருக்கும். கல்யாணமான பெண்ணுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், தனியாக ஒரு மாடி வீட்டில் ஏழு வருஷம் இருந்து பார்க்கட்டும்.

ஆனால் என்னால் ஒரு பாட்டையும் முடிக்க முடியவில்லை. லேப்டாப்பில் விரலால் தேய்க்கிற சதுரத்தை வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில் உயிர்க்கோடு காலியாகிவிடும். எல்லாம் என்னால். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"ஒனக்குக் கஷ்டமா இருந்தா விட்ருவோம்ட்டி. சும்மா ஒரு இதுக்குத்தான ஆடுதோம்."

அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் எங்களுக்குள் மிச்சம் இருப்பது "சாப்ட்டியா" மட்டும்தான். "கஷ்டமெல்லாம் இல்ல. மவுஸ் இல்லாமல்லா ஆடுதேன். நாளைக்கு ஒண்ணு வாங்கிருதேன்" என்றேன். மறுநாள்தான் அந்தக் கடைக்குப் போனதும் பையனைப் பெற்றதும்.

அந்த வயர்லெஸ் மவுஸ் என்னை விடச் சோம்பேறி. பாட்டில் நாலு நொடி இடைவெளி வந்தால் தூங்கிவிடும். எழுப்பினால் திருதிருவென்று முழித்துவிட்டு அப்புறம்தான் நகரும். அவரிடம் சொன்னபோது, எதிர்பாராத ஒன்று நடந்தது. அவர் என்னிடம் கேள்வி கேட்டார்.

"பேட்டரி எத்தன?"

"ரெண்டு."

"அப்ப பின்பக்கம் கனக்கும்லா?"

"ஆமா. தூக்கி வச்சா வால் கீழ போவுது."

"நீ அடிக்கடி தூக்கித் தூக்கி வைப்பியா, இல்ல தேய்ச்சே கொண்டு போவியா?"

அதை நான் கவனித்ததில்லை. கவனித்துச் சொன்னேன். அதற்கு அவர் இன்னொன்று கேட்டார். அன்றைக்கு ஒரு மவுஸைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினோம். போனை வைத்த பிறகுதான், ஒரு தடவைகூட "வேற" வரவில்லை என்று தோன்றியது.

வயர் வைத்ததாகப் பார்த்து வாங்கச் சொன்னார். அண்ணாச்சியிடம் போனேன். "பையனுக்குப் பிடிக்கலையோ?" என்று வருத்தப்பட்டு, உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். உள்ளங்கையை விடப் பெரியது. ஏழு பொத்தான். செருகியதும் பச்சை, சிவப்பு, ஊதா என்று மாறி மாறி எரிந்தது. "இதத்தான் இப்பம் பயலுக எல்லாம் கேக்கான்" என்றார். பார்க்க ஏதோ கோயில் கொடைக்கு ஜோடித்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. பையனைக் காட்டி மாட்டிக்கொண்டவள் பையனுக்குப் பிடித்ததைத்தானே வாங்கவேண்டும்.

வீட்டில் வைத்து நகர்த்தினால் அம்மிக் குழவியை நகர்த்துகிற மாதிரி இருந்தது. துணி சுற்றிய தடிமனான வயர் வேறு, மேசை விளிம்பில் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. "எடை என்ன போட்டிருக்கு?" என்று அவர் கேட்டார். பெட்டியில் எல்லாம் போட்டிருந்தது, எடையைத் தவிர. "எங்கனயாச்சும் நிறுத்துப் பாரு, கிராம் கணக்குல வேணும்" என்றார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் பூக்கடையில் நின்றேன். எங்கள் ஊரில் கிராம் சுத்தமாக நிறுக்கத் தெரிந்தவர்கள் பூக்காரர்கள்தான். வழக்கமாக என்னிடம் பிச்சிப்பூ கொடுக்கிற அக்கா, தராசில் கிடந்த மல்லிகையை ஓரமாக ஒதுக்கிவிட்டு மவுஸை வாங்கி வைத்தார். வயரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நூத்தி முப்பது" என்றார். "என்னட்டி இது, தலையில வைக்கப் போறியா?"

"அத்தானுக்குச் சொல்லணும்."

"இதுக்கு எடையா கேக்காரு அவரு? ஒன் எடையக் கேட்டாரா?"

சிரித்துவிட்டு வந்தேன். கொஞ்ச தூரம் வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ராத்திரி சொன்னேன். நூற்று முப்பது கிராம் இந்த விளையாட்டுக்கு அநியாயம், எழுபதுக்கு மேல் போகக் கூடாது என்றார். அவரே அங்கே இதைப் பற்றி நிறைய வாசித்திருப்பார் போல. அம்புக்குறி ஓடுகிற வேகத்தைக் குறைக்கச் சொன்னார், பிறகு கூட்டச் சொன்னார். பொத்தான் கடினமா, இளக்கமா என்று கேட்டார். போனை மவுஸுக்குப் பக்கத்தில் வைத்துச் சொடுக்கிக் காட்டச் சொல்லி, சத்தத்தைக் கேட்டார். ஒரு நாள், "ஒன் கைய அளந்து சொல்லு. நடுவிரல் நுனியிலருந்து மணிக்கட்டு வரைக்கும்" என்றார்.

தையல் டேப்பை எடுத்து அளந்தேன். பதினாறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

"அவ்ளோ சின்னக் கையா ஒனக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "கல்யாணமாகி ஏழு வருசமாச்சு. இப்பத்தான் தெரியுதாக்கும்?"

"கூட இருந்தது மொத்தம் எத்தன நாளு இருக்கும்?" என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். கல்யாணத்துக்கு வந்தது ஒன்றரை மாதம். அப்புறம் ஒரு லீவு நாற்பது நாள். அடுத்தது, அவர் அப்பா இறந்தபோது வந்த பதினைந்து நாள். கடைசியாக வந்தது நாற்பது. எல்லாம் சேர்த்து ஐந்து மாதம்கூட வரவில்லை. அதில் கோயில், சொந்தக்காரர் வீடு, ஆஸ்பத்திரி என்று அலைந்தது போக என் கையைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம் இருந்திருக்கும்? கோபப்பட்டதற்கு எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"சரி, மவுஸ நீ எப்படிப் பிடிக்கன்னு ஒரு போட்டோ அனுப்பு" என்றார்.

நகத்தை வெட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். போன தடவை அவர் வாங்கி வந்த வளையலைப் போட்டுக்கொண்டேன். மவுஸின் மேல் கையை வைத்து, இடது கையால் எட்டுப் போட்டோ எடுத்து, அதில் நல்லதாக ஒன்றை அனுப்பினேன். "நீ உள்ளங்கை படாம விரல் நுனியில பிடிக்க. அதுக்கு குட்டையா, முதுகு தாழ்ந்த மவுஸ் வேணும்" என்று பதில் வந்தது. வளையலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனாலும், என் விரல்களை அந்த மனிதர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு முகம் சூடானது.

அந்த மாதிரி மவுஸ் நம் ஊரில் கிடையாது, மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறேன் என்றார் அண்ணாச்சி. சொன்ன வாரம் ஆடித்தபசுத் திருவிழா. ஊருக்குள் ஈ நுழைய இடமில்லை. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பார்சல் எந்த பஸ்ஸில் வந்தது, யார் இறக்கினார்கள் என்று தெரியாமல் இரண்டு நாள் அவரை அலையவிட்டேன். மூன்றாம் நாள் கூப்பிட்டுப் பார்சலைக் கொடுத்தார். "பையன் என்ன சொல்லுதான்? நல்லாப் படிக்கானா?" என்று கேட்டு, கிரிக்கெட் மட்டை போட்ட ஒரு ஸ்டிக்கரையும் சும்மா கொடுத்தார். அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மவுஸ் அருமையாக இருந்தது. ஒரு எலுமிச்சம்பழத்தைத் தள்ளுகிற பாரம்தான். வயர் இழுக்காமல் இருக்கத் துணி காயப்போடுகிற கிளிப்பால் அதை உயரத்தில் பிடித்து வைத்தேன். கீழ்வீட்டுத் தறியில் வெட்டிப்போட்ட துணி ஒன்றை மேசையில் இழுத்து ஒட்டினேன். இனி என்ன, ஆடவேண்டியதுதான்.

ஆடினேன். முன்னைவிட மோசமாக ஆடினேன். அம்புக்குறி போகவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போனது. சொடுக்குவது மட்டும் முந்தி முந்தி விழுந்தது. மெதுவான பாட்டு என்றால் இன்னும் மோசம். இரண்டு வெள்ளிக்கிழமை இப்படியே போயிற்று. எனக்கு அழுகை வந்தது. மூன்றாவது மவுஸும் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"ஒன் மைக்ல என்ன சத்தம்?" என்று அன்றைக்கு அவர்தான் கேட்டார்.

"ஒரு சத்தமும் இல்லய."

"சடக் சடக்னு கேக்கே."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தறியா? அது எப்பவும் ஓடிக்கிட்டுல்லா கெடக்கும்."

நான் குடியிருக்கிற மாடிக்குக் கீழே வீட்டுச் சொந்தக்காரர்களின் விசைத்தறி எட்டு ஓடுகிறது. பிறந்ததிலிருந்து நான் இருந்த தெருவெல்லாம் தறி ஓடிய தெருதான். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தறி ஓடுவது கேட்காது, நின்றால்தான் என்னவென்று எட்டிப் பார்ப்போம். அவர் மானாவாரிக் காட்டு ஊர்க்காரர். லீவில் வந்தால் முதல் நாலு நாள் தூக்கம் வராமல் புரள்வார்.

"பாட்ட நிறுத்திட்டு, கண்ண மூடிட்டுச் சும்மா சொடுக்கு பாப்போம்" என்றார். மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொடுக்கினேன். பத்து இருபது சொடுக்கியிருப்பேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏட்டி, நீ பாட்டுக்கா அடிக்க? தறிக்குல்லா அடிக்க."

"போங்க. எனக்கு அது கேக்கவே செய்யாது."

"காதுக்குக் கேக்காது. மேசை அதிரும்லா, கைக்குத் தெரியும்."

மேசையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. மூன்று மாதமாக மூன்று மவுஸின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு கீழ்வீட்டுத் தறிக்குத் தாளம் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் சிரித்துக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன்.

மேசைக்கால் நாலுக்கும் கீழே ரப்பர் வைக்கச் சொன்னார். ரப்பருக்கு எங்கே போவது? போன தடவை அவர் விட்டுவிட்டுப் போன ஹவாய் செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை பெருக்கும்போது அதை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் வைப்பேன். கத்தியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்டிவிட்டேன்.

"ஒங்க செருப்பத்தான் வெட்டினேன்" என்று சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. வரும்போது வேற வாங்கிக்கிடலாம்."

"எப்ப வாரீய?"

"பாப்போம்" என்றார். அது எனக்குத் தெரிந்த பதில்தான்.

நாற்காலியில் தலையணையைப் போட்டு, காலைத் தரையில் படாமல் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை ஆடினேன். மூன்று மாதமாகப் பாதியில் நின்ற பாட்டு, முதல் தடவையிலேயே கடைசி வரைக்கும் போனது. முடிவில் இரண்டு பேருடைய பெயரும் சேர்ந்து திரையில் வந்தது. "ஆங்" என்றார் அவர். "அப்படிப் போடு." அடுத்த பாட்டையும் முடித்தோம். அதற்கு அடுத்ததையும் முடித்தோம்.

நாலாவது பாட்டுக்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மவுஸ் நன்றாக இருந்தது, மேசை அதிரவில்லை, வயர் இழுக்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

"நல்லா ஆடுத இப்பம்" என்றார்.

"ம்."

"சாப்ட்டியா மத்தியானம்?"

"சாப்ட்டேன்."

"வேற?"

அதற்கடுத்த வாரம் இருபது நிமிஷத்தில் ஐந்து பாட்டு முடிந்துவிட்டது. "நீ என்னய விட ஜோரா ஆடுத, இனிமே நான் சொல்லுததுக்கு என்ன இருக்கு" என்றார். குரலில் சந்தோஷம்தான் இருந்தது. அதற்கும் அடுத்த வெள்ளிக்கிழமை அறையில் உள்ளவர்களோடு வெளியே போவதாகச் சொல்லிவிட்டார். நான் நாலு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து தனியாக ஆடினேன். ஒரு வட்டத்தைக்கூட விடவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரையை மூடிவிட்டு மவுஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கைக்கு இப்படி அளவெடுத்த மாதிரி இது வந்து சேர்ந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. அதை வாங்கித் தந்த அண்ணாச்சி மேல் கோபம் வந்தது, தறியைக் கண்டுபிடித்த அவர் மேலும் வந்தது. நன்றாக ஆடவேண்டும் என்று ஆசைப்பட்ட என் மேல்தான் அதிகம் வந்தது. ஆடத் தெரியாமல் இருந்தபோதுதான் எனக்கு ஒரு புருஷன் இருந்தார்.

அந்த வாரம் முழுக்க ராத்திரிப் போன் மூன்று நிமிஷத்தைத் தாண்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு ஒரு வரி அனுப்பினேன்: மவுஸ் டபுள் கிளிக் ஆகுது.

ஒரு தடவை சொடுக்கினால் இரண்டு தடவை சொடுக்கியதாகப் பதிவாகிற கோளாறு அது. பொத்தானுக்கு அடியில் உள்ள ஸ்விட்ச் தேய்ந்தால் வரும் என்று ஒரு நாள் அவர் சொன்னதுதான். என் மவுஸில் அப்படி ஒன்றும் இல்லை. புதுசு கெடாமல் இருந்தது.

அடுத்த நிமிஷம் போன் வந்தது. எந்தப் பொத்தான், எப்போதிருந்து, எல்லாத் தடவையுமா, சில தடவை மட்டுமா என்று கேட்டார். வாய் கூசாமல் பதில் சொன்னேன். இடது பொத்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து. வேகமான பாட்டில் மட்டும். அவர் குரல் பழைய மாதிரி ஆகிவிட்டது.

"ஒரு பாட்டு ஆடிட்டு ரீப்ளேய அனுப்பு. பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

இதை நான் யோசிக்கவில்லை. ஆடிய ஆட்டத்தை விளையாட்டே பதிந்து வைத்திருக்கும். ஒவ்வொரு சொடுக்கும் எந்த நொடியில் விழுந்தது, எவ்வளவு முந்தியது என்று வரிசையாக எண் போட்டுக் காட்டும். இரண்டாவது சொடுக்கு ஒன்று விழுந்திருந்தால் ஒளிக்க முடியாது. விழாவிட்டாலும் ஒளிக்க முடியாது. அதைப் படிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

ஆடினேன். நடுவில் விரலை வேகமாக இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். பதிவைத் திறந்து பார்த்தால், கை அழுத்தியது கை அழுத்திய மாதிரிதான் இருந்தது. கெட்ட ஸ்விட்ச் கண் இமைப்பதற்குள் இரண்டாவதை அடித்துவிடும். என் விரலுக்கு அந்த வேகம் வராது. அந்தப் பதிவை அழித்துவிட்டு இன்னொன்று ஆடினேன். அதில் ஒன்றுமே செய்யவில்லை. மூன்று தடவை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொடுக்குக்கு ஒரு எண், அவ்வளவுதான். மவுஸ் தங்கமாக இருக்கிறது என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன்.

"வந்துட்டு. இரு, பாக்கேன்" என்றார்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பக்கம் அவர் திறக்கிற சத்தம் கேட்டது. பாட்டு ஆரம்பித்தது. சின்னப் பாட்டு, மூன்று நிமிஷம்தான். அவர் மூச்சு விடுவது கேட்டது. பாதியில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார். பொய் பிடிபடப் போகிறது. இப்போது என்ன கேட்பார், எதற்குட்டி இப்படிச் செய்தாய் என்றா? அதற்கு என்ன சொல்வேன்? உங்களோடு பேச எனக்கு வேறு ஒன்றும் இல்லை என்றா?

பாட்டு முடிந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். முழுதாகக் கேட்டார்.

"ஆமா, டபுள் கிளிக் விழுது" என்றார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நல்லாப் பாத்தீயளா?"

"ரெண்டு தடவ பாத்தேன்லா."

"எத்தன இடத்துல விழுது?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"எண்ணல. நெறைய இடத்துல இருக்கு. வேற மவுஸ்தான் பாக்கணும்." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ போன வச்சிராத."

"வைக்கல" என்றேன்.